ஓடை வடியும் வரை

ஜவ்வாது மலையில் ஒருநாள் முழுக்க நடக்க வேண்டும் என்பது வளர்மதியின் ஆசை. போன் கம்பெனியில் ஒரே பெஞ்சில் வேலை செய்யும் மூன்று பேரில் அவள்தான் இப்படி எதையாவது கிளப்பிவிடுவாள். சுகிர்தாவும் சுதாவும் தலையாட்டினார்கள். ஞாயிறு விடியுமுன் வளர்மதியின் அண்ணன் உத்திரமேரூரிலிருந்து வேனில் அழைத்துப்போய் அடிவாரத்தில் விட்டார்.

உச்சி வரைக்கும் நல்ல வெயில். இறங்கும்போதுதான் வானம் கறுத்தது. தூறலாக ஆரம்பித்தது, கொஞ்ச நேரத்தில் முன்னால் போகிறவள் முதுகுகூடத் தெரியாத மழையானது. காலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தபடி தாண்டிய ஓடை, இப்போது மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது.

"இப்ப இறங்க வேணாம். தண்ணி வடியட்டும்," என்றாள் சுகிர்தா.

மூவரும் ஒரு பாறைக்கடியில் ஒண்டினார்கள். சுதாவுக்குக் குளிரில் பற்கள் தந்தியடித்தன. சுகிர்தா அவள் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டாள். மிச்சமிருந்த புளிச்சோற்றை ஒரே பொட்டலத்திலிருந்து மாறி மாறி அள்ளித் தின்றார்கள்.

அப்போதுதான் சுதா கேட்டாள். "ஏன்டி, இத்தினி வருசமா ஒண்ணா வேல செஞ்சிக்கினு கீறோம். ஒரு தபாகூட உங்க வூட்டுக்கு என்னைக் கூப்ட்டதில்லையே?"

இருவருக்கும் ஒரே ஊர். சுதா வீடு ஊர்த்தெருவில், சுகிர்தா வீடு காலனியில். சுதாவின் ஸ்கூட்டியில் திரும்பும்போதெல்லாம் காலனி வளைவிலேயே "இங்கியே நிறுத்து" என்று சுகிர்தா இறங்கிக்கொள்வாள்.

"கூப்ட்டு நீ வரலன்னு வச்சிக்கோ," சுகிர்தா ஓடையைப் பார்த்தபடி சொன்னாள். "அப்புறம் தெனம் உன் பக்கத்துல எப்படி உக்காருவேன்? அதான் கேக்கல."

"எங்கம்மாக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்," என்றாள் சுதா மெதுவாக.

"அம்மாவ வுடு. நீ இன்னா சொல்ற?" என்றாள் வளர்மதி.

சுதா காலிப் பொட்டலத்தை மடிக்க ஆரம்பித்தாள். சுகிர்தாவுக்கு அது வலித்தது. ஆனாலும் உடனே "வருவேன்" என்று சொல்லியிருந்தால் தான் நம்பியிருக்க மாட்டோம் என்று பட்டது. நெடுநாள் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டதில் கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

மழை விட்டு, ஓடை முழங்காலுக்கு இறங்கியதும் கைகோத்து அக்கரை சேர்ந்தார்கள். அடிவாரத்தில் அண்ணன் வேனோடு காத்திருந்தார்.

வளர்மதி உத்திரமேரூரிலேயே இறங்கிக்கொண்டாள். விளக்கு வைக்கும் நேரத்தில் வேன் காலனி வளைவில் நின்றது. ஊரிலும் மழை. சுகிர்தா இறங்கினாள். பின்னாலேயே சுதாவும் இறங்கினாள்.

"ஒரு துண்டு குடு, தல தொவட்டிக்கிறேன்," என்றாள்.

சுகிர்தாவின் அம்மா செங்கேணி அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சுதா பாயில் உட்கார்ந்தாள். டீ கொடுக்கலாமா என்று செங்கேணி மகளைக் கண்ணால் கேட்பதை சுதா பார்த்துவிட்டாள்.

"டீ இருந்தா குடுங்க அத்தை. ரொம்பக் குளிருது."

டீ வருவதற்குள் சுதாவின் போன் அடித்தது. "சுகிர்தா வூட்லதாம்மா கீறேன்," என்றாள். பிறகு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் சுகிர்தா.

"ஒண்ணும் சொல்லல. வச்சிட்டாங்க."

வீட்டுக்குப் போனதும் இவளுக்கு என்ன காத்திருக்கிறதோ என்று சுகிர்தா பயந்தாள். டீ வந்ததும் சுதா அதை அவசரமில்லாமல் குடித்தாள்.