கழுவிய பீப்பாய்

பால் ஆலையில் அவனுக்குப் 'பளபளா' என்று பெயர் வைத்திருந்தார்கள். பதினெட்டு வருஷம் துப்புரவு மேற்பார்வை. குழாய்க்குள் விரலை விட்டு இழுப்பான்; பிசுக்கு ஒட்டினால் போச்சு, அன்றைக்கு யாரோ ஒருவருக்கு அர்ச்சனை நிச்சயம். ஆலையில் ஆட்குறைப்பு வந்தபோது முதலில் போனவனும் அவன்தான். அதை மனைவியிடம் சொல்லாமல் நான்கு மாதம் தினமும் காலையில் வேலைக்குப் போகிறவன் போலக் கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தான். விஷயம் தெரிந்த நாளில் அவள் கத்தவில்லை.

"இந்த ஒரு தடவை விட்டுடறேன். இன்னொரு பொய் வந்துச்சுன்னா நாம சேர்ந்து இருக்கறதுல அர்த்தமே இல்லைங்க" என்றாள். சொன்னால் செய்கிற ரகம் அவள்.

அவள் பிழைப்பு வீட்டுக்குப் பின்னால், பாலிதீன் கூரை போட்ட கொட்டகையில். பெரிய தொட்டியில் நானூறு திலேப்பியா மீன்கள். எட்டு மாதமாகக் குழந்தைகளைப் பார்ப்பது போலப் பார்த்து வளர்த்திருந்தாள். தொட்டியின் அழுக்குத் தண்ணீர் ஒரு பீப்பாய்க்குள் போய், அதில் நிரப்பிய பிளாஸ்டிக் வளையங்களின் ஊடே இறங்கி, கீரைப் பாத்திகளைச் சுற்றிவிட்டுத் தொட்டிக்கே திரும்பும். அந்த வளையங்கள்மேல் பழுப்பாக ஒரு வழுவழுப்பு படர்ந்திருக்கும். பார்க்கச் சகிக்காது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் அதில் குடியிருந்தன. மீன் கழிவில் ஊறும் அமோனியா விஷத்தை அவைதான் கீரைக்கு உரமாக மாற்றிக்கொண்டிருந்தன. பளபளாவுக்கு இது தெரியாது. அழுக்கைப் பற்றி அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று நினைக்கிற ஆள் அவன்.

அவளுடைய அக்காவுக்கு அறுவை சிகிச்சை. நான்கு நாள் கூட இருக்க வேண்டும் என்று கிளம்பினாள்.

"தீனி மட்டும் போடுங்க. வேற எதுலயும் கை வைக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் பேருந்து ஏறிய ஒரு மணி நேரத்தில் அவனுக்குக் கை துறுதுறுத்தது. பீப்பாயின் மூடியைத் திறந்தான், முகம் சுளித்தான். பம்பை நிறுத்தி, வளையங்களை வெளியே அள்ளிப் போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக பிரஷ் போட்டுத் தேய்த்தான். பத்து தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சாயங்காலம் திரும்பப் போட்டு மூடி, பம்பை ஓடவிட்டான். அவள் வந்து பார்த்து அசந்துபோகப் போகிறாள் என்று விசில் வேறு. பாவி மனுஷன், ஆசையாகத்தான் செய்தான்.

மூன்றாம் நாள் போட்ட தீனி மிதந்தபடியே கிடந்தது. நான்காம் நாள் காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரோ தொட்டியின் அடி தெரியுமளவு தெளிவாக இருந்தது. இவ்வளவு சுத்தமான தண்ணீரில் அவற்றுக்கு என்ன கேடு என்று அவனுக்குப் புரியவில்லை.

மத்தியானம் வந்தவள் பையைக் கூட இறக்கி வைக்காமல் தொட்டியைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"இன்னிக்குத்தான்."

அலமாரியைத் திறந்தாள். அமோனியா பார்க்கும் மருந்துப் புட்டி காலியாக இருந்தது. அமிலம் காட்டும் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்தாள், மஞ்சளாயிற்று.

"தண்ணி புளிச்சுப் போயிருக்கு. பீப்பாயைத் தொட்டீங்களா? திறந்து பார்க்கணும்னா பம்பை நிறுத்தணும். இப்போ நிறுத்தினா இதுங்க தாங்காது. அதான் கேக்கறேன்."

கை வைக்காதீங்க என்று அவள் சொன்னது காதில் ஒலித்தது. கழுவினால் யாருக்காவது கெடுதல் வருமா?

"இல்லையே" என்றான்.

"அப்போ பயமில்லை." புளிப்பை முறிக்க வாளியில் சுண்ணாம்பைக் கொட்டிக் கரைக்க ஆரம்பித்தாள். வேலை செய்யும்போது வாய் விட்டுப் பேசுவது அவள் வழக்கம். "தண்ணியில அமோனியா ஏறி இருந்தா இந்தச் சுண்ணாம்பே எமன். அதோட வீரியத்தைப் பல மடங்கு கூட்டிடும். ஆனா பீப்பாயில இருக்கற வழுவழுப்பு நல்லா இருக்கறப்போ அது எங்கேருந்து ஏறும்?"

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அவள் வாளியைத் தூக்கி, இடுப்பில் சாய்த்து, தொட்டி வரை ஆறேழு அடி நடந்தாள். அவ்வளவு தூரமும் அவன் பக்கத்திலேயே நடந்தான். வாளி கனமாக இருக்கிறதே என்று தானும் ஒரு கை பிடித்துக் கொடுத்தான்.

வெள்ளை நீர் தொட்டிக்குள் பரவியது. கால் மணியில் மீன்கள் சுழன்று சுழன்று நீந்தின. ஒன்று துள்ளி வெளியே விழுந்தது. பொழுது சாய்வதற்குள் நானூறும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

"என் கையாலேயே கொன்னுட்டேங்க" என்று அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"உன் தப்பு இல்லம்மா" என்று அவள் முதுகைத் தடவினான். உண்மையைத்தான் சொன்னான், ஆறுதல் சொல்கிறவன் குரலில் சொன்னான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவள் பம்பை நிறுத்தினாள். இனி யாருக்கு அது? பீப்பாயைத் திறந்தாள். வளையங்கள் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கியவை போல வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தாள். கீச்சென்றது.

"எப்போ?"

"நீ போன அன்னிக்கு. நல்லதுன்னு நினைச்சுத்தான்…"

"கழுவினதைக் கேக்கலை. தெரியாம செஞ்சீங்க. நான் சுண்ணாம்பு கரைக்கும்போது பக்கத்துல நின்னீங்களே, அப்போ புரிஞ்சுதா?"

அவன் தலை ஆமென்று தானாக அசைந்தது.

"அப்பவாவது சொல்லியிருந்தா பாதித் தண்ணியை மாத்தி இருப்பேன். முக்கால்வாசி பொழைச்சிருக்கும்." வளையத்தைப் பீப்பாய்க்குள் போட்டாள். "வேற என்னங்க மறைச்சு வச்சிருக்கீங்க?"

"வேற ஒண்ணும் இல்லை. சத்தியமா இல்லை."

நிஜமாகவே வேறு ஒன்றும் இல்லை. அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள்.

"அக்கா, தூங்கலையே? உன் மாடி ரூம் காலியாத்தானே இருக்கு?"