திறந்திருந்த கண்கள்

அப்பாவின் இமைகளில் ஒட்டியிருந்த டேப்பை ஹெய்டி ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தாள். ஆபரேஷன் அறையில் மயக்கம் கொடுப்பது அவள் தொழில். இது தினமும் செய்வதுதான். உரித்ததும் ஆட்கள் கண் விழிப்பார்கள்.

அப்பாவின் இமைகள் அசையவில்லை. சுவாச இயந்திரத்தை நர்ஸ் அணைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"உன்னப் பாத்துட்டுதான் போயிருக்காரு," என்றாள் அம்மா எல்மா, கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "நான் மூலையில நின்னு பாத்தேனே. கண்ணு ரெண்டும் கதவு மேலயே இருந்துச்சு. பொலபொலன்னு தண்ணி. தன் அம்மா செத்தப்பகூட அழாத மனுஷன்."

ஹெய்டி டேப்பை விரலில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லி அப்பா போனை வைத்த பிறகு, இருவரும் பேசவே இல்லை. இன்று காலை டெட்ராய்ட்டிலிருந்து பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு அவள் வந்து சேர்ந்தபோது, அவருக்குச் சுவாசக்குழாய் போட ஆரம்பித்திருந்தார்கள். அவளை உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. அவளை நோக்கியே திறந்திருந்தன. உள்ளே விட்டபோது இமைகளை மூடி ஒட்டியிருந்தார்கள். மதியம் அவர் போகும்வரை கண் விழிக்கவே இல்லை.

ஹெய்டி வெளியே வந்தபோது வால்ட் நடைக்கூடத்தில் மருந்துப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். குழாய் போட்டவர் அவர்தான். குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரியில் அப்பாவோடு உட்கார்ந்து மீன் பிடிப்பவர்.

"மயக்கத்துக்குப் புரோபோஃபால் போடலியா?" என்று கேட்டாள்.

"ரத்தம் போய் பிரஷர் கெடந்த கெடைக்கு அத ஏத்தியிருந்தா, அங்கயே போயிருப்பான். கெட்டமின்தான்."

டேப்பை உரிக்கும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. கெட்டமின் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும். மற்ற மயக்க மருந்துகளைப் போலக் கண்ணை மூடவைக்காது. கண் திறந்திருக்கும், எச்சில் ஊறும், கண்ணீர் வழியும். உள்ளே ஆள் இருக்கமாட்டார். 'அது அழுகை இல்லீங்க, மருந்து' என்று எத்தனையோ குடும்பங்களிடம் அவளே சொல்லியிருக்கிறாள்.

"ஊசி போடறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சொன்னாரா?"

"சொன்னான். போன வாரம் நான் பிடிச்சது மீனே இல்லியாம், தூண்டில் புழுவாம்." வால்ட் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"என்னப் பத்தி?"

"இல்லம்மா."

"நான் வந்தது அவருக்குத் தெரியுமா?"

"நீ வந்தப்ப மருந்து ஏறிடுச்சு. உனக்குத் தெரியாததா?" பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "எல்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல."

அவள் திரும்பி வந்தபோது அம்மா போர்வையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ இதப் படிச்சவ. நீயே சொல்லு. பாத்தாருல்ல?"

ஹெய்டி அம்மாவின் கைகளைப் பார்த்தாள். போர்வையில் மடிப்பே இல்லை. ஆனாலும் அவை நீவிக்கொண்டே இருந்தன.

"பாத்தாரும்மா."

அம்மா தலையசைத்தாள். "அதான சொன்னேன்," என்றாள். பாதிரியாருக்குப் போன் செய்ய எழுந்து போனாள். போகும்போது கதவை இழுத்துச் சாத்தினாள்.

ஹெய்டி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். குனிந்து, அப்பாவின் தலையணை ஓரத்தில் கன்னத்தை வைத்து, அவர் பார்த்த பக்கம் பார்த்தாள்.

கண்ணாடிக் கதவில் எதிர்ச்சுவர் ஜன்னலின் பிம்பம் விழுந்திருந்தது. ஜன்னல் முழுக்கப் பனி. கதவு வெள்ளையாக நின்றது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

யாரென்று பார்க்க முடியவில்லை. அவள் தலையை எடுக்காமல், வெள்ளையை நோக்கிக் கையை உயர்த்தினாள்.