தொட்டி மூடியின் கடைசிச் சுற்று

எதை இறுக்கினாலும் ஜெயபாலனுக்குக் கடைசியில் இன்னொரு சுற்று வேண்டும். மலாயாவுக்குச் சுதந்திரம் வரும் மெர்டேக்காவுக்கு முந்தின நாள் காலையில் தண்ணீர்த் தொட்டியின் மூடியை அப்படித்தான் உடைத்தான்.

தொட்டி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்குக் கோலாலம்பூர்ச் செந்தூலில் ஜெயபாலனின் அண்ணன் வீட்டில் அவன் மனைவி கோகிலா குளித்துவிட்டு வந்தபோது, அண்ணி எல்லார் காதிலும் விழும்படி, "மலாக்காக்காரங்களுக்கு அடுத்தவங்க வீட்டுத் தண்ணின்னா மலிவு" என்றாள். இனி அந்தக் குழாயைத் தொடுவதில்லை என்று கோகிலா அன்றே முடிவு செய்துவிட்டாள். ஆனால் கோலாலம்பூரில் நம் கொடி ஏறுவதைப் பார்க்கும் ஆசையும் அவளுக்குத்தான் அதிகம். ஜெயபாலன் யோசித்தான். பட்டாளம் ஏலத்தில் தள்ளிய பழைய ஆம்புலன்ஸ் வேனை வாங்கி, உள்ளே கட்டில் போட்டு, கட்டிலுக்கடியில் தகரத் தொட்டி பொருத்தினான். வேனிலேயே படுக்கை, வேனிலேயே குளியல்.

தொட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு பித்தளை வாய் உண்டு. அதை அடைப்பது மரை போட்ட பிளாஸ்டிக் மூடி. இப்போது மூடியின் தலை ஸ்பேனரோடு வந்துவிட்டது. மரைப்பகுதி உள்ளேயே சிக்கி, பிளந்த இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"குடத்துல எடுத்துட்டுப் போங்களேன்," என்றேன். நான் பக்கத்து வீட்டுக்காரன்.

"போய்ச் சேர்றதுக்குள்ள பாதி சிந்திடும்ண்ணே. அப்புறம் அதே குழாய்கிட்ட போய் நிக்கணும். நான் வரல. இவரு பாத்துட்டு வந்து சொல்லட்டும்." கோகிலா வேனில் ஏற்றிய துணிமூட்டையை இறக்கி வைத்தாள்.

மூடியை விற்ற சாமான் கடை ஷம்சுதீன் பாயைக் கூட்டி வந்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"மூடி மேல குத்தமில்ல தம்பி. யானை வந்து இறுக்குனா எந்த மூடி தாங்கும்?"

"ஒரு சுத்துதான் பாய்."

"அந்த ஒரு சுத்துதான்லா!"

பாய் சொன்ன வழி எளிது. தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீரை முகந்து கொட்டிவிட்டு, பழைய திருப்புளியை அடுப்பில் காய்ச்சி, உள்ளே நிற்கும் பிளாஸ்டிக்கில் அழுத்தவேண்டும். ஆறினால் இரும்பைப் பிளாஸ்டிக் கவ்விக்கொள்ளும். பிறகு இடப்பக்கம் திருகினால் வந்துவிடும்.

காய்ச்சி அழுத்தினோம். ஆறுவதற்குள் ஜெயபாலன் திருகினான். திருப்புளி மட்டும் வந்தது, உருகிய பிளாஸ்டிக்கை மிட்டாய் நூல்போல இழுத்துக்கொண்டு.

மறுபடி அழுத்தினோம். ஆறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான்தான் லேசாக ஆட்டினேன். அதுவும் வந்துவிட்டது.

புகை நாற்றத்துக்கு, தமிழ் மறந்து மலாயே பேசும் எதிர்வீட்டு மலாக்காச் செட்டி அம்மாள் எட்டிப் பார்த்து, "அபா ஹாங்குஸ்?" என்று மலாயில் கேட்டாள். என்ன கருகுகிறது என்று.

"எங்க மானந்தான்," என்றான் ஜெயபாலன் தமிழில்.

"இன்னொரு தடவைதான் தாங்கும்," என்றார் பாய். "அதுக்கு மேல குத்துனா பிடிக்கப் பிளாஸ்டிக்கே இருக்காது. கைய வச்சிட்டுச் சும்மா இருப்பீங்களா, மாட்டீங்களா?"

கோகிலா எங்கள் கைகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

பாய் மூன்றாம் முறை திருப்புளியை அழுத்திவிட்டு நிமிர்ந்தபோது அவள் தட்டோடு வந்தாள். விளிம்புவரை கொதிக்கும் கோப்பி. "பிடிங்க, பிடிங்க, சிந்தப்போகுது!" ஆளுக்கொரு கிளாஸ். ஒரு கையால் பிடிக்க முடியாத சூடு. சட்டை நுனியைச் சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஊதினோம். கீழே வைக்கப் பார்த்த ஜெயபாலனிடம், "வச்சா எறும்பு வரும், குடிங்க," என்றாள்.

நாங்கள் குடித்து முடித்தபோது அவளே குனிந்து திருப்புளியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. இடப்பக்கம் திருகினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். உடைந்த மரை முழுசாகச் சுற்றிச் சுற்றி வெளியே வந்தது.

ஷம்சுதீன் பாய் சட்டைப்பையிலிருந்து புது மூடி எடுத்தார். ஜெயபாலன் ஸ்பேனரைத் தேடினான்.

"இந்தாங்க, மிச்சக் கோப்பி," என்று கோகிலா அவன் கையில் இன்னொரு கிளாஸைத் திணித்தாள். அவன் ஊதி முடிப்பதற்குள் மூடியை விரலாலேயே இறுக்கினாள். தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

துணிமூட்டையைத் திரும்ப ஏற்றினாள். ஸ்பேனரை என்னிடம் நீட்டினாள்.

"நாங்க வர்ற வரைக்கும் உங்க வீட்டுல இருக்கட்டும்ண்ணே."

வேன் காஜா பேராங் சாலையில் திரும்பியது. ஜெயபாலனின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. கோகிலா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.