கிள்ளுகிற மெஷின்

ஊருக்கு உபதேசம் செய்வதில் நம் எலக்ட்ரீஷியனை மிஞ்ச ஆள் கிடையாது. "எர்த் இல்லாம எதையும் ஓட்டாதீங்கம்மா, உயிரோட விளையாட்டு" என்று அன்றும் ஒரு வீட்டுச் சமையலறையில் ஏணிமேல் நின்றபடி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாஷிங் மெஷினுக்கோ எட்டு மாதமாக எர்த் கிடையாது. தொட்டால் லேசாகக் கிள்ளும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் அதைத் தொட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். "நாளைக்குச் சரிபண்றேன்" என்பதும் எட்டு மாதச் சட்டம்தான்.

மனைவி போன் செய்தாள்.

"உங்க அக்கா வந்திருக்காங்க. நான் கடைக்கு வந்தேன். அவங்க துணிய மெஷின்ல போடப் போறாங்களாம்."

"செருப்பு போட்டுக்கச் சொன்னியா?"

"ஐயையோ! சொல்லலைங்க!"

அவர் ஏணியிலிருந்து குதித்து இறங்கினார். அக்கா வீட்டுக்குள் செருப்பே போடாதவள். மெஷின் இருக்கும் குளியலறையில் தரை எந்நேரமும் ஈரம். அவளுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. பையைக்கூட எடுக்காமல் ஓடினார்.

மூன்று தெரு தாண்ட வேண்டும். பட்டனெல்லாம் பிளாஸ்டிக், உடம்புதான் இரும்பு. ஈரக்காலோடு அந்த உடம்பைப் பிடித்தால் கிள்ளலோடு நிற்காது, ஆளையே பிடித்துக்கொள்ளும். ஊருக்கெல்லாம் சொன்னது அப்போது அவருக்கே பயம் காட்டியது. "எடுத்துத் தொலை அக்கா" என்று போனிடம் கெஞ்சிக்கொண்டே ஓடினார்.

வீட்டு வாசலை எட்டியபோது உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளியலறைக்குப் பாய்ந்தார். அக்கா வெறுங்காலோடு ஈரத்தில் நின்று, மெஷின்மேல் சாய்வதற்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"தொடாதே!"

"ஏன்டா இந்தக் கத்து கத்துற? கரண்ட் வேற போயிடுச்சு."

உயிர் போய் உயிர் வந்தது. அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, நாற்பது வயது மனிதர் விக்கி விக்கி அழுதார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

பின்னாலேயே மனைவி மூச்சு வாங்க ஓடி வந்தாள். நாத்தனாரைத் தலை முதல் கால் வரை பார்த்தபிறகுதான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்பவே எர்த் இழுத்துடறேன்," என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி. "இந்த நிமிஷமே."

மனைவி கதவை விட்டு உள்ளே வந்தாள்.

"எட்டு மாசமா என்னையும் இதுதானேங்க கிள்ளுச்சு," என்றாள். "ஒரு நாளாவது இப்படி ஓடி வந்தீங்களா?"