பதினைந்தாம் வீடு

பதினைந்து வீட்டுக்கு ஒரு வீடு. தாயில்பட்டியில் அதற்கு மேல் ஒரு படியைக்கூட மிதிக்கக் கூடாது என்று கணக்கெடுக்க வந்த வேல்விழிக்குக் கண்டிப்பான உத்தரவு. தீராத நோயில் கிடந்து, வலிக்கு மருந்து தேவைப்படுகிறவர்கள் நாட்டில் எத்தனை பேர் என்று மேலே யாரோ கணக்குப் போடுகிறார்களாம். எல்லா வீட்டையும் எட்டிப் பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்!

பதினைந்தாம் வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாளே பதினான்காம் வீட்டுப் பாலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் நாகையாவுக்குப் புற்று எலும்பு வரை ஏறிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொடுத்த மாத்திரைக்கு வலி கேட்கவில்லை.

"எங்க வீட்டையும் எழுதிக்கோ தாயி."

"அடுத்த வீடுதான்க்கா முறை. நாளைக்கு அங்கனதான் வருவேன்."

அவள் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை பதினைந்தாம் வீட்டுக்குள் நுழைந்தால், நடுவீட்டில் கயிற்றுக் கட்டிலில் நாகையா கிடக்கிறார். கட்டிலோடு தூக்கி வந்த நாலு பேர் சுவரோரம் நிற்கிறார்கள். தொட்டாலே உயிர் போகிற உடம்பு. கத்தி, இப்போதுதான் தூக்கி வந்ததைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று துண்டைக் கடித்தபடி கிடந்தார்.

"எங்க அண்ணந்தான். இங்கனதான் இருக்காக," என்று வீட்டுக்காரி அய்யம்மாள் கூசாமல் சொன்னாள்.

வேல்விழிக்குப் புரிந்துபோனது. இந்தப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால் அதிகாரி வருவார், பேர் எழுதுவார். எழுதின பேருக்குத்தான் ஏதாவது வரும். நாகையா எந்த வெடியிலும் சிக்காததால் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

பேசாமல் குறித்துக்கொண்டு போயிருக்கலாம். கட்டிலோடு கூடவே வந்து நின்ற பாலம்மாள் விட்டால்தானே!

"மருந்து எப்பத் தாயி வரும்? இன்னைக்கே வந்துருமா?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இதுல மருந்து வராதுக்கா. எம்புட்டுப் பேருன்னு எண்ணிட்டுப் போகத்தான் வந்தேன். பேரு எழுதக்கூட இதுல எடமில்ல."

நாகையா துண்டைத் தானே வாயிலிருந்து எடுத்தார்.

"வீட்டுக்குத் தூக்குங்கப்பா," என்றார்.

பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வண்டி வந்துவிட்டதால் நாலு பேரில் ஒருவன் கிளம்பிவிட்டான். அவன் விட்ட கட்டில் காலை வேல்விழி பிடித்தாள். வாசலைத் தாண்டும்போது நாகையா கத்த ஆரம்பித்தார். இனி யாருக்காக அடக்க வேண்டும்?

பக்கத்து வீடுதான். அதற்குள் மூன்று தடவை கட்டிலை இறக்கி வைக்க வேண்டியிருந்தது.