பதினேழாம் நம்பர் ஜியோபோன்

பூமிக்கடியில் நிலக்கரிப் படுகைக்குள் மீத்தேன் எங்கே பதுங்கியிருக்கிறது என்று துப்புத் துலக்குவதுதான் அவள் வேலை. சைட்டில் வெடி வெடித்ததும் அதிர்வு கீழே போய் மோதித் திரும்பும். தரையில் வரிசையாகக் குத்திவைத்த ஜியோபோன்கள் அதைப் பதிவு செய்யும். அதைப் படமாக்கிப் பார்ப்பது அவள். வெடி வைக்கும் குழுவுக்குத் தலைவர் அவள் கணவர்.

"பதினெட்டு வருஷ சர்வீஸ்! ஒரு வெடிக்காவது இந்த உடம்பு அசைஞ்சிருக்குமா?" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் மார்தட்டுவார். உடம்பு நூற்றுப்பத்து கிலோ.

இந்த முறை படத்தில் பதினேழாம் நம்பருக்கு நேர் கீழே பளிச்சென்று ஒரு பட்டை, மீத்தேன் இருந்தால் தெரிவதுபோல. தற்செயலான சத்தம் என்றால் அறுபது வெடிகளையும் சேர்த்துக் கூட்டும்போது அடிபட்டுப் போயிருக்கும். இதுவோ ஏறிக்கொண்டே போனது. மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. துளை போடும் இடத்தைக் குறித்து மூன்று மணிக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே ஒன்றும் கிடைக்காவிட்டால் அவள் வேலை போச்சு.

இரண்டரைக்கு சைட் நோட்டைப் புரட்டினாள். கணவரின் கையெழுத்து: 'என் நாற்காலி பதினேழாம் நம்பர் பக்கத்தில். நல்ல நிழல்.' திரையிலிருந்த பட்டையை இன்னொரு முறை பார்த்தாள்.

கணவரைத் தன் அறைக்கு வரவழைத்து உட்காரவைத்தாள். நாற்காலிக்கடியில் ஒரு ஜியோபோன். பின்னால் போய், சைட்டில் வாக்கிடாக்கி அலறுவதுபோலவே அலறினாள்.

"வெடி!"

அவர் நாற்காலியோடு எழும்பி, நாற்காலியோடு தொப்பென்று இறங்கினார். திரையில் அதே பட்டை, இம்மி பிசகாமல். வாசலில் மேனேஜர் நின்றிருந்தார்.

"என்னம்மா இது?"

கணவரின் முகத்தைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. "நாற்காலிதான் சார், கொஞ்சம் ஆடுது..."

"நாற்காலி இல்ல சார், நான்தான்," என்றார் கணவர். "அறுபது தடவையும் நான்தான். முதல் நாள்லேர்ந்தே எனக்கு வெடின்னா பயம்."

கல்யாணமான நாளிலிருந்து அவர்மேல் இவ்வளவு ஆசை அவளுக்கு வந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பதினேழாம் நம்பரை நீக்கினாள். பட்டை மறைந்தது. நாற்பத்தொன்றாம் நம்பருக்குக் கீழே, இத்தனை நேரம் யார் கண்ணிலும் படாத இன்னொரு பட்டை மெல்லத் தெரிந்தது.

மேனேஜர் திரையை விட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "அங்க யாருங்க உக்காந்திருந்தது?"

"யாருமில்ல சார். அங்க ஒரே வெயில்."

அவள் கையெழுத்துப் போட்டாள்.