பழுப்பில் தொடங்கிய ஐந்து கோடுகள்

குணாளன் மேசையில் வைத்த சாம்பல் நிறப் பையின் மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்திருக்கிறது. அதை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். முழுதாக வரவில்லை. வெள்ளைத் தாள் நார் நாராக ஒட்டிக்கொண்டு நின்றது. பைக்குள் முந்நூறு சின்ன எல்.இ.டி விளக்குகள். மற்றவர்கள் விளக்குகளைப் பார்த்தார்கள். நுஸ்ரத் ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

குலாய் ஊரில் ஒரு குடியிருப்புச் சங்க மண்டபத்தில் செவ்வாயும் வியாழனும் மாலையில் நடக்கும் மின்னணு வகுப்பு அது. பகலில் ஏர்கான் கம்பெனியில் டெக்னீசியனாக இருக்கும் தனலெட்சுமி டீச்சர்தான் நடத்தினார். செடெனாக் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இருபத்தைந்து கிட் கொடுப்பது என்று வகுப்பு முடிவு செய்திருந்தது. கடையில் அழகான பெட்டியில் வரும் கிட்டை வாங்கினால் கையில் இருந்த பணம் ஐந்து பிள்ளைகளுக்குக்கூடக் காணாது. அதனால் உதிரியாக வாங்கித் தாங்களே பொட்டலம் போடுவது. ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, கம்பிகளைச் செருகிப் பழக ஒரு பிரட்போர்டு, விளக்குகள், பொத்தான்கள், மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டும்.

வாங்கும் வேலை குணாளனுக்கு. தினமும் மோட்டாரில் எல்லைப் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் அவன்தான். பொட்டலம் போடும் வேலை நுஸ்ரத்துக்கு. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மாத்திரையை எண்ணி, சின்ன ஜிப் பையில் போட்டு, பெயர் எழுதி ஒட்டுவதில் கை பழகியிருந்தது. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பாள். வகுப்பில் நடந்ததை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். எழுதியது சரிதானா என்ற சந்தேகத்தில் மறுநாள் திரும்பப் படிப்பாள்.

"எந்தக் கடையில வாங்குனீங்க அண்ணே?" என்று கேட்டாள்.

"கடையிலதான்."

"எந்தக் கடை?"

"என்னா நுஸ்ரத், பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி விசாரிக்கிறீங்க? அங்க ஒரு கடை லா." குணாளன் சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

அவன் போனபின், கூடப் படிக்கும் பிரேமலா நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் வந்தாள். பிரேமலாவுக்கு ஊரில் எல்லாம் தெரியும், தெரியாததையும் சொல்லுவாள்.

"அண்ணன் எங்க வேலை செய்யுறாரு, தெரியும்தானே?"

"ஏதோ ஃபேக்டரி."

"ஏதோ ஃபேக்டரியா? லைட் செய்யுற ஃபேக்டரி. அங்க குப்பைக்குப் போறது இங்க கிட்டுக்கு வருதோ என்னமோ!" சொல்லிவிட்டு அவளே கலகலவென்று சிரித்தாள். அவளுக்கு அது வெறும் வேடிக்கை. நுஸ்ரத்துக்கு அது காலில் ஏறிய முள். அன்று இரவுச் சாப்பாட்டின்போதும் குத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து எல்லாவற்றையும் பரப்பினாள். ரெசிஸ்டர்கள் நாடாவில் வரிசையாக ஒட்டிய நிலையில் இரண்டு சுருளாக இருந்தன. ஒரு சுருளில் சிறிய தடை: இருநூற்று இருபது ஓம். விளக்கோடு சேர்ப்பதற்கு. இன்னொன்றில் பெரிய தடை: பத்தாயிரம் ஓம். பொத்தானோடு சேர்ப்பதற்கு. இரண்டும் பார்க்க ஒரே அச்சு. நீலநிற அரிசி மாதிரி உடம்பு, அதில் மெல்லிய ஐந்து நிறக் கோடுகள். எது எது என்று குணாளன் துண்டுத் தாளில் பேனாவால் எழுதி, ரப்பர் வளையத்தில் செருகியிருந்தான்.

இன்னொரு நாளாக இருந்தால் அவன் எழுதியதை அப்படியே நம்பியிருப்பாள். இன்று நம்ப மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமைதான் நிறக் கோடுகளைப் படிக்கக் கற்றிருந்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண். வரிசையாகப் படித்தால் மதிப்பு வந்துவிடும். எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதில்தான் சூட்சுமம். கடைசிக் கோடு சற்று விலகி நிற்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். இந்தக் குட்டி உடம்பில் எந்தக் கோடும் விலகி நின்றதாகத் தெரியவில்லை. வகுப்பில் காட்டிய மாதிரி பழுப்பில் தொடங்கியது அவளுக்கு நினைவிருந்தது. அதனால் பழுப்பிலிருந்து தொடங்கினாள்.

குணாளன் 'இருநூற்று இருபது' என்று எழுதிய சுருளை எடுத்தாள். பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, சிவப்பு. கணக்குப் போட்டாள். பத்தாயிரம் வந்தது.

மறுபடி போட்டாள். பத்தாயிரமேதான்.

அடுத்த சுருளில் இரண்டு முனையிலும் பழுப்பு. ஒரு பக்கமிருந்து படித்தால் அதுவும் பத்தாயிரம். மறுபக்கமிருந்து படித்தால் நூற்றிருபது. முதல் சுருள் பத்தாயிரமாக இருக்கும்போது இதுவும் எப்படி அதுவாகவே இருக்கும்? ஆகவே இது நூற்றிருபது. அப்படியானால் இருநூற்று இருபது கிடைக்காமல் நூற்றிருபதை வாங்கி, அதையும் சொல்லாமல் மறைத்து, போதாக்குறைக்குத் தாளையும் மாற்றிச் செருகிவிட்டான். ஒன்றை மறைத்தவன் ஒன்பதை மறைப்பான்.

நுஸ்ரத் இரண்டு தாள்களையும் இடம் மாற்றிச் செருகினாள். பிறகு அந்தத் தாள்களின்படி விளக்குக்கு ஒரு சுருள், பொத்தானுக்கு மற்றது என்று பிரித்து, இருபத்தைந்து பொட்டலமும் போட்டு முடித்தாள். நோட்டில் எழுதினாள்: 'கு. எழுதியது தவறு. திருத்தியாயிற்று.' தன்மேலேயே எப்போதும் சந்தேகப்படுகிறவளுக்கு அன்று அந்த ஒரு வரியில் சந்தேகம் வரவில்லை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மண்டபத்தில் டீச்சரும் பிரேமலாவும் நுஸ்ரத்தும் கூடினார்கள். குணாளனுக்குச் சனிக்கிழமையும் வேலை. சும்மா ஒன்றைச் சோதித்துப் பார்ப்போம் என்று மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்துப் பிரட்போர்டில் செருகினாள் நுஸ்ரத். போர்டுக்கு மின்சாரம் கொடுத்ததும் விளக்கு எரிந்தது. எரிந்தது என்று சொல்லக் கூடாது. கையால் மறைத்து, குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

பதினொன்றாவது பொட்டலமும் அப்படியே. பத்தொன்பதாவதும் அப்படியே.

"அலமாக்," என்றாள் பிரேமலா. "நான் விளையாட்டுக்குத்தானே சொன்னேன்! நெசமாவே ரிஜெக்ட் சாமானா?"

தனலெட்சுமி டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எது ரிஜெக்ட்? என்னா கதை இது?"

பிரேமலா நுஸ்ரத்தைப் பார்த்தாள். நுஸ்ரத் தரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். சுரண்டிய ஸ்டிக்கரை, கடைப் பெயரைச் சொல்லாமல் மழுப்பியதை, சுருளில் தாள் மாறியிருந்ததை, எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. அவளுக்கே வியப்பாக இருந்தது.

"நுஸ்ரத், யோசிச்சுத்தான் பேசுறியா?" டீச்சரின் குரல் தாழ்ந்தது. "ஃபேக்டரி சாமான வெளிய எடுத்துக்கிட்டு வந்தா அங்க கேஸ் போடுவாங்க. வேலை பெர்மிட் போயிரும். அந்தப் பையன் சம்பளத்துலதான் அந்த வீடே ஓடுது."

"எனக்கு உறுதியாத் தெரியாது டீச்சர். ஆனா..."

"ஆனா?"

"ஆனா வேற எப்படி இருக்க முடியும்?"

டீச்சர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "பள்ளிக்கூடத்துக்குத் திருட்டுச் சாமான் போச்சுன்னு நாளைக்கு ஒருத்தர் வாயில வந்தா, வகுப்பையே மூட வேண்டியதுதான். நாளைக்கு அவனை வர வேணாம்னு சொல்லிடுறேன். இனிமே இந்தப் பக்கமே வர வேணாம்." கைப்பேசியை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார். பிரேமலா, "நான் போயி தே ஓ வாங்கிட்டு வர்றேன்," என்று எதிர்த் தேநீர்க்கடைக்கு நழுவினாள்.

நுஸ்ரத் தனியாக நின்றாள். தான் சொன்னதை நிரூபித்துவிட்டால் மனம் அடங்கும் என்று தோன்றியது. வகுப்பு அலமாரியில் பழைய விளக்குகள் இருந்தன. சென்ற மாதம் கண்ணைப் பறிக்க எரிந்தவை. குணாளனுடைய விளக்கைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் பழைய விளக்கைச் செருகினாள். அது பளிச்சென்று எரியும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

பழைய விளக்கும் ஒரு சிவப்புப் புள்ளியாகத்தான் எரிந்தது.

இன்னொரு பழைய விளக்கைச் செருகினாள். அதுவும் அப்படியே. விரல்கள் தாமாகவே தடையை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தன. விளக்கோடு இருந்த ரெசிஸ்டரைக் கழற்றி, இரண்டு முனையிலும் ஊசியை வைத்தாள். இருநூற்று இருபது வர வேண்டும். அவள் கணக்குப்படி நூற்றிருபது என்றாவது வர வேண்டும். திரையில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் நின்றது. அவ்வளவு பெரிய தடை இருந்தால் எந்த விளக்கும் மங்கத்தான் செய்யும்.

பொத்தானுக்கென்று போட்ட ரெசிஸ்டரை வைத்தாள். இருநூற்றுப் பத்தொன்பது.

அதன் கோடுகளை மறு முனையிலிருந்து படித்தாள். சிவப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு. இருநூற்று இருபது. குணாளன் எழுதிச் செருகிய தாள் சரியாக இருந்தது. அதை எடுத்து மாற்றிய கை அவளுடையது. இரண்டு முறை சரிபார்த்தாள், உண்மைதான். இரண்டு முறையும் அதே தவறான முனையிலிருந்து.

நடைபாதையில் டீச்சர் பேசுவது கேட்டது. "நான் திட்டலப்பா. வர வேணாம்னுதான் சொல்லுறேன்... ஏன்னு நேர்ல சொல்லுறேன்... இல்ல, நாளைக்கு வேணாம்."

மண்டபத்தில் யாரும் இல்லை. நுஸ்ரத்துக்கு ஒரு வழி தெளிவாகத் தெரிந்தது. பொட்டலங்களில் ரெசிஸ்டரை இடம் மாற்ற ஒரு மணி நேரம் போதும். 'கம்பி சரியாகச் செருகவில்லை டீச்சர், இப்போது எரிகிறது' என்று ஒரு வார்த்தை சொன்னால் விளக்கு விஷயம் முடிந்துவிடும். குணாளன் விஷயம்? ஸ்டிக்கர் இன்னும் சுரண்டித்தானே இருக்கிறது? தான் முழுக்கத் தவறாகப் பேசிவிடவில்லையே என்று மனம் ஒரு மூலையில் ஒதுங்கப் பார்த்தது. அப்படி ஒதுங்கினால் அவன் இனித் திருடனாகத்தான் இருப்பான் என்பதும் அதே தெளிவோடு தெரிந்தது.

நடைபாதைக்குப் போனாள். "டீச்சர், கட் பண்ணாதீங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

"என்னாச்சு?"

"விளக்கு நல்ல விளக்கு. ரெசிஸ்டரை மாத்திப் போட்டது நான். அண்ணன் எழுதுன பேப்பரை நான்தான் மாத்துனேன்." கைப்பேசிப் பக்கம் குனிந்தாள். "அண்ணே, நீங்க ஃபேக்டரியில இருந்து ரிஜெக்ட் சாமான் எடுத்துக்கிட்டு வந்துட்டீங்கன்னு நான் டீச்சர்கிட்ட சொன்னேன். அதனாலதான் உங்கள வர வேணாம்னு சொல்லுறாங்க."

கைப்பேசியில் சாலை இரைச்சல் மட்டும் கேட்டது. எங்கோ ஓரமாக வண்டியை நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கிறான் போலும்.

"நீங்களா சொன்னீங்க?" என்றான் கடைசியில்.

"ஆமா அண்ணே."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஏழு மணி வாக்கில் மோட்டார் சத்தம் கேட்டது. அவன் வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வேலைச் சட்டையோடு உள்ளே வந்தவன் யாரையும் பார்க்காமல் சாம்பல் நிறப் பையை எடுத்து டீச்சர் முன்னால் போட்டான்.

"இது காலிப் பை டீச்சர். எங்க ஃபேக்டரிக் குப்பைத் தொட்டியில கிடக்கும். கடைக்காரர் குடுத்த பிளாஸ்டிக் கிழிஞ்சு போச்சு, இதுல கொட்டுனேன். ஸ்டிக்கர்ல கம்பெனி பேரு இருந்தா கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகா நிறுத்தி வச்சுக் கேப்பான். அதான் பிய்ச்சேன்." நுஸ்ரத் பக்கம் திரும்பினான். "கடைப் பேரு கேட்டீங்க. அதுக்குப் பேரே இல்ல. மாடிப்படிக்குக் கீழ ஒரு சீனத் தாத்தா ரெண்டு அலமாரி வச்சிருக்காரு. சொன்னா பிரேமலா ஒரு வாரம் வச்சு ஓட்டுவாங்க. அதான் சொல்லல."

"ஓட்டியிருப்பேன்தான்," என்றாள் பிரேமலா மெதுவாக.

"தப்பு என்மேலயும் இருக்கு குணா," என்றார் டீச்சர். "உன்னைக் கேக்காம முடிவு பண்ணிட்டேன்."

அவன் அதற்குத் தலையாட்டினான். பார்வை நுஸ்ரத்தை விட்டு நகரவில்லை. "பேப்பர் தப்புன்னு தோணுச்சுல்ல? ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா பொய் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்பது அவளுக்கு உறைத்தது. ஆனால் அதுதான் உண்மை.

குணாளன் நாற்காலியை இழுத்து மேசையின் எதிர்ப்புறம் உட்கார்ந்தான். மல்டிமீட்டரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். "குடுங்க. நாளைக்குப் பத்து மணிக்குப் போகணும்."

நுஸ்ரத் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, ரெசிஸ்டர்களை இடம் மாற்றி, அவன் பக்கம் நீட்டினாள். அவன் அதை மூடவில்லை. உள்ளே இருந்ததை எடுத்து, ஊசியை வைத்து, திரையைப் பார்த்துவிட்டுத்தான் மூடினான். முதல் ஐந்தும் சரியாக இருந்தன. ஆறாவதையும் அளந்தான். பத்து சரியாக இருந்தன. பதினொன்றாவதையும் அளந்தான். பிரேமலா தே ஓவை அவன் அருகில் வைத்து, "அண்ணே, போதும் லா, அதான் சரியா வருதே," என்றாள்.

"வரட்டும்," என்றான் அவன், அடுத்த பொட்டலத்துக்குக் கையை நீட்டியபடி.

நுஸ்ரத் அவன் அளந்து முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைக் கொடுத்தாள்.